கிண்டிக்கு யாரை அனுப்புவது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆட்களின் பயிற்சிக்காக நீ அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் பார்த்தேன். மூன்றிலும் ஃபீஸ் இருக்கிறது, மெஷின் நிற்கிற நேரத்துக்குக் கணக்கு இல்லை. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நாலு மோல்டிங் மெஷின் ஓட்டுகிறவனுக்குப் பெரிய செலவே அதுதான்.

கிண்டி சிப்பெட் பயிற்சி நிறுவனம் 1968-லிருந்து பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே இருக்கிறது. ஆனால் புட்லூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறிப் போய்த் திரும்பினால் அன்றைய ஷிப்ட் போச்சு. ஆபரேட்டர்களை அனுப்பாதே. செட்டர் ஒருவரை அனுப்பு. அதுவும் மோல்டு மாற்றாமல் ஒரே ஆர்டர் ஓடும் வாரமாகப் பார்த்து. சிங்க் மார்க் விழுந்தால் ஹோல்டிங் பிரஷரைக் கூட்டுவதா, கூலிங் நேரத்தைக் கூட்டுவதா என்று காரணம் தெரிந்து முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.

திரும்பி வந்ததும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் கொடு. வேலையோடு வேலையாகப் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதுதான் நம் பேட்டையில் வழக்கம். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ஆலைகளில் புது ஆட்கள் குவிந்தார்கள். அப்போது டி.டபிள்யூ.ஐ. என்றொரு திட்டம் நடத்தினார்கள்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவன் கையாலேயே செய்ய வை, பிறகும் போய்ப் பார். போருக்குப் பின் ஜப்பான் போய் டொயோட்டாவிலும் வேர்விட்ட முறை இது. உனக்கு இதற்குத் தனிச் செலவில்லை. மோல்டு மாற்றும்போது மெஷின் எப்படியும் நிற்கும். இரண்டு பேரைச் செட்டர் பக்கத்தில் நிறுத்து.

உன்னிடம் வேலை செய்யும் பீகார் பையன்களுக்கு இந்தியில் சின்னச் சின்ன வீடியோ, போனிலேயே எடு. சேஃப்டி கார்டைத் திறந்து கை விடுவது, பர்ஜிங்கின்போது நாசிலுக்கு முன்னால் நிற்பது, இந்த இரண்டை மட்டும் வீடியோவை நம்பி விடாதே. முதல் நாளே நேரில் சொல். ஊருக்குப் போனால் திரும்புவானா என்று சொல்ல முடியாதவனுக்கு அதோடு டிரிம்மிங், பேக்கிங் தெரிந்தால் போதும்.

அப்ரண்டிஸ் பற்றிக் கேட்டிருந்தாய். 30 பேருக்குக் குறைந்த யூனிட்டுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் எடுக்கலாம். என்.ஏ.பி.எஸ். திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. கூலி மிச்சம் என்ற எண்ணத்தில் எடுப்பதானால் வேண்டவே வேண்டாம். ஒரு செட்டரால் இரண்டு பேருக்கு மேல் கவனிக்க முடியாது.

டேப்லெட்டில் பாடம் நடத்தும் சாஃப்ட்வேரை இப்போதைக்கு விடு. அந்தப் பணத்தைச் செட்டர் சம்பளத்தில் போடு. இல்லாவிட்டால் கிண்டியில் படித்து வந்தவரை அடுத்த தெருக்காரன் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா