மிதிவண்டியின் மறைபூட்டு

தைப்பூசத்தன்று வடலூர்ச் சத்திய ஞான சபைக்கு மிதிவண்டியில் வரும் மாணவன், வண்டியைப் பூட்டிவிட்டே கூட்டத்துள் நுழைவான். அவன் பூட்டுவது பெரும்பாலும் பின்சக்கரத்தை. கைப்பிடியையே பூட்டும் முறையும் உண்டு. இங்கிலாந்தில், நாட்டிங்காம் நகரத்து இராலே நிறுவனத்தார் 1950களில் செய்த ‘சூபர்ப்’ வண்டியில், முன்கவையின் தலைப்பிலேயே பூட்டு மறைந்திருந்தது. கைப்பிடியை ஒருபுறம் திருப்பிச் சாவியை முடுக்கினால், உள்ளிருக்கும் தாழ் சட்டத்துக் குழியிற் புகும். பின்னர்க் கைப்பிடி அசையாது.

சக்கரங்கள் தடையின்றி உருளும். ஆயினும் ஏறிச் செல்லுதல் இயலாது. ஏன்? வண்டி சாயுந்தோறும் அப்பக்கமே முன்சக்கரத்தைச் சிறிது திருப்பி, ஓட்டுபவர் அதனை நிமிர்த்துகிறார். அவ்வாறு திருப்ப இயலாதபோது வண்டி வளைந்து கவிழும். தூக்கிச் சுமக்கும் கள்வனை இப்பூட்டுத் தடுக்காது. எனினும் திருவிழாக் கூட்டத்தில் அவன் எளிதில் பிறர் கண்ணிற் படுவான்.