ஓக்கிப் புயல் கற்பித்த பாடம்

புயல் என்றதும் வங்கக் கடலையே நாம் நினைக்கிறோம். அரபிக் கடலின் தென்கோடியில், திருவனந்தபுரத்திற்கு அருகே கடும் புயல் உருவாதல் அரிது. அந்த நம்பிக்கையை 2017-ஆம் ஆண்டின் ஓக்கிப் புயல் தகர்த்தது.

அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள் இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே கன்னியாகுமரிக்கு அருகில் புயலாக வலுப்பெற்றது. பூந்துறை, விழிஞம் முதலிய ஊர்களிலிருந்தும் குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்தும் மீனவர் பலர் அதற்கு முன்னரே கடலுக்குச் சென்றிருந்தனர். கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாக இறந்தோரும் காணாமற்போனோரும் 300-க்கும் மேற்பட்டோர்.

இத்துணை இழப்புக்குக் காரணம் என்ன? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நடைமுறைப்படி, கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னதாக விழிப்பறிவிப்பும், 24 மணி நேரம் முன்னதாகப் புயல் எச்சரிக்கையும் விடுக்கப்பெறும். தொலைவில் தோன்றி மெல்ல நெருங்கும் புயலுக்கு இம்முறை பொருந்தும். ஓக்கியோ கரைக்கு அருகிலேயே விரைந்து வலுத்தது. அவகாசம் மிகக் குறைவு. மேலும், எச்சரிக்கை கரையை எட்டினாலும், கைபேசி அலை எட்டாத ஆழ்கடலில் உள்ளவரை அஃது எட்டவில்லை.

எனவே, 'புயல்' என்னும் சொல் வரும்வரை காத்திராமல், 'தாழ்வு மண்டலம்' என்ற செய்தி வந்தவுடனேயே பயணத்தைத் தள்ளிவைத்தல் முதற்கடமை. கடலுக்குச் செல்வோரின் பெயர், படகு எண், செல்லும் திசை, திரும்பும் நாள் ஆகியவற்றைக் கரையில் பதிவு செய்து செல்லல் வேண்டும். தேடும் பணிக்கு இப்பதிவே அடிப்படை. உயிர்காப்பு அங்கி படகில் இருந்தால் மட்டும் போதாது. அதனை அணிதல் வேண்டும். செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற உதவும் நாவிக் கருவியை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கியுள்ளது. திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் 2018-இல் அமைந்தது.

கரையில் வாழ்வோர்க்கும் கடமைகள் உண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஓட்டுக் கூரையையும் தகரக் கூரையையும் காற்று கீழே அழுத்துவதைவிட மேலே தூக்குவதே மிகுதி. ஆதலின் கூரைச் சட்டங்களைச் சுவரோடு இறுகப் பிணைத்தல், வீட்டின்மேல் சாயும் கிளைகளைப் பருவத்திற்கு முன்பே வெட்டுதல், தளர்ந்த தகடுகளை அகற்றுதல் ஆகியவை செலவு குறைந்த பாதுகாப்புகளாம். புயலின் மையம் கடக்கும்போது காற்று திடீரென ஓயும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் சீறும். அவ்வமைதியை நம்பி வெளியே வருதல் கூடாது.

புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆயினும், அறிவிப்பு உரிய நேரத்தில் கடைசிப் படகையும் எட்டுமாறும், எட்டியபின் அதனை மதித்து நடக்குமாறும் செய்வது நம் கையில் உள்ளது. கடலுக்குச் செல்லாத நாளின் கூலியை இழக்க அஞ்சியே பலர் எச்சரிக்கையை மீறுகின்றனர். அந்நாள்களுக்கு உரிய உதவித்தொகை கிடைக்கச் செய்வதும் புயல் பாதுகாப்பின் ஒரு பகுதியே எனல் மிகையாகாது.