அலங்கார ஓவியத்துக்குப் பெறுமதி போடுவது எப்படி?

புதுமனைக்கும் கடை அலுவலகத்துக்கும் இயற்கைக் காட்சி ஓவியம் வாங்கி மாட்டுவதில் நம் வியாபாரிகள் ஆர்வம் காட்டுகிறார்கள். உயிருருவம் இல்லாத தேயிலை மலை, குளக்கட்டு, கடற்கரை என்றால் வீட்டில் எவரும் ஆட்சேபிப்பதில்லை. அழகுக்காகத் தாராளமாக வாங்கலாம். "இது முதலீடு, விலை ஏறிக்கொண்டே போகும்" என்று விற்பவர் சொல்லும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

1943 இல் தொடங்கிய '43 குழு'வைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற் போன்றோரின் படைப்புகள் வெளிநாட்டு ஏலங்களிலும் விலைபோயிருக்கின்றன. இன்றைய அலங்கார ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு மறுவிற்பனைச் சந்தை இல்லை. தளபாடம் போலத்தான், வீட்டுக்கு வந்ததும் பழைய சாமான்.

புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வரவேண்டிய கடனில் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குப் பதிலாக ஓர் ஓவியத்தை ஏற்கச் சொன்னார்கள். பற்றுச்சீட்டும் காட்டினார்கள். "நானா, விற்ற கடைக்காரனே இதைத் திருப்பி எடுப்பானா, எவ்வளவுக்கு என்று கேளுங்கள்" என்றேன். கேட்டார். எடுக்கவே மாட்டோம் என்று பதில் வந்தது. கடனுக்கு ஈடாக ஏற்பதென்றால் கையில் காசுடன் நிற்கும் ஒருவர் தரும் விலைதான் பெறுமதி. பற்றுச்சீட்டு விலை காப்புறுதிக்கு உதவும். அதையும் ஓவியத்தின் முன்புற, பின்புறப் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

நியாய விலை அறிய, கொழும்பு ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபெற்று வரும், 1993 இல் ஆரம்பித்த 'கலா பொல' சந்தைக்கு ஒரு தடவை போய்வாருங்கள். ஓவியர்களிடமே அளவையும் விலையையும் கேட்கலாம். பிரேமின் விலையைத் தனியாகக் கழித்துப் பாருங்கள். சில நேரம் பாதிக் காசு அதற்குத்தான் போயிருக்கும்.

கையால் வரைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். கன்வஸ் துணியில் அச்சடித்து, மேலே நிறமற்ற பசையைத் தூரிகையால் பூசி விற்கிறார்கள். பூதக்கண்ணாடியில் சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சு. பக்கவாட்டில் வெளிச்சம் பிடியுங்கள்: மேடுகள் ஒரு பக்கமும் வர்ணக் கோடுகள் வேறு பக்கமும் ஓடினாலும் அச்சுதான். அச்சை அச்சு விலைக்கு வாங்குவதில் குற்றமில்லை.

நம் நாட்டில் ஓவியத்துக்கு முதல் எதிரி ஈரம். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பிரேமின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றோடும். நேர் வெயிலும் சமையல் புகையும் ஆகாது. நீர்வர்ண ஓவியத்துக்குக் கண்ணாடி அவசியம், ஆனால் கண்ணாடி கடதாசியில் படக்கூடாது. அக்ரிலிக் வர்ணம் சூட்டில் இளகும். பொலித்தீன் சுற்றி லொறியில் அனுப்பினால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வர்ணம் உள்ளே காய மாதக்கணக்காகும், அதற்கு முன் வார்னிஷ் பூசச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தூசியை உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம். பூஞ்சணம் பிடித்தால் உடனே துடைக்காமல், மற்ற ஓவியங்களிலிருந்து பிரித்து, நிழலில் காற்றோட்டமாக உலரவிட்டு, அதன் பிறகு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.