போர்வை தைப்போருக்கு ஏற்ற இஸ்திரிப் பலகை



ஆண்டு மலரில் இஸ்திரிப் பலகையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கக்கூடும். நீங்கள் மனமுவந்து கொடுத்த பணத்தில் வாங்கிய பொருள் அது. முதலில் வாங்கியது பொருத்தமற்றது. அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். ஆகவே அதற்குக் கணக்குச் சொல்வதும், அந்தத் தவற்றிலிருந்து கற்றதைப் பாடமாகத் தருவதும் என் கடமை என்று கருதுகிறேன்.

நடந்தது என்ன?

ஆயர் ஈத்தாமில் நம் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் மகளிர் தையல் வகுப்பு நடைபெறுவதை அறிவீர்கள். சிறு சிறு துணித் துண்டுகளை இணைத்துப் போர்வைகள் தைத்து முதியோருக்கு வழங்குகிறோம். துணிக்குப் பஞ்சமில்லை. பக்கத்து நகரமான பத்து பகாட் ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் அங்கிருந்து மூட்டையாக வந்து சேரும். வீடுகளிலிருந்து பழைய நூல் சேலைகளும் வரும்.

வகுப்புக்கென்று ஒரு மடக்குப் பலகை வாங்கினோம். வெள்ளி நிற உறையும் மெல்லிய கால்களுமாகப் பார்க்க அழகாக இருந்தது. அந்த நாள்களில் ஓர் அம்மையார் மறைந்த தம் தாயாரின் சேலைகளைக் கொண்டு வந்தார். அவற்றில் ஒரு போர்வை தைத்துத் தம் சின்னம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 8 அங்குலக் கட்டங்களாக, குறுக்கே எட்டு, நெடுக்கே பத்து என்று திட்டமிட்டுத் தைத்தோம்.

முடித்து விரித்தபோது போர்வையின் நடுப்பகுதி உப்பியிருந்தது. ஓரங்கள் அலை அலையாக நெளிந்தன. சில கட்டங்களில் பலகையின் கம்பி வலைத் தடம் அப்படியே பதிந்திருந்தது. மீண்டும் இஸ்திரி போட முயன்றபோது, ஒரு பக்கமாகத் தொங்கிய போர்வையின் பாரம் தாங்காமல் பலகை சாய்ந்தது. சுடச்சுட இஸ்திரிப் பெட்டி தரையில் விழுந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குழந்தை அமர்ந்திருந்தாள். இறையருளால் யாருக்கும் காயமில்லை. ஆனால் நீண்டு கெட்டுப்போன நான்கு கட்டங்களை எடுத்துவிட வேண்டியதாயிற்று. தாயார் உடுத்திய சேலை எந்தக் கடையில் கிடைக்கும்? அந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

பலகை ஏன் கூம்பியிருக்கிறது?

இன்றைய இஸ்திரிப் பலகையின் குறுகிய வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் சாரா பூன் என்ற தையற்கார அம்மையார் 1892 ஏப்ரல் 26ஆம் நாள் மேம்படுத்தப்பட்ட இஸ்திரிப் பலகை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இவர் அடிமைத்தனத்தில் பிறந்து, பின்னர் விடுதலை பெற்று வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி. பெண்களின் சட்டைக் கைகளுக்கும் உடம்பை ஒட்டிய தையல்களுக்கும் சுருக்கம் விழாமல் இஸ்திரி போட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதனால்தான் பலகையைக் குறுகலாகவும் வளைவாகவும் அமைத்தார்.

அவர் செய்தது அவர் வேலைக்கு மிகச் சரி. சட்டைக் கையை அதனுள் நுழைக்கலாம். போர்வையை எதனுள் நுழைப்பது? போர்வைக்கு நுனி வேண்டாம், பரப்பு வேண்டும்.

நம்மவர் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களில் நிற்கும் இஸ்திரி வண்டியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அதன் மேல்தட்டு அகலமானது, சமமானது. அதன்மேல் மடித்த கம்பளி, அதற்குமேல் இறுக்கமாக ஒரு வெள்ளைத் துணி. சேலையும் வேட்டியும் தேய்ப்பவருக்கு அதுவே ஏற்றது. நான் சிறுமியாக இருந்தபோது தோட்டத்து லயத்தில் என் அம்மாவும் சிமெண்டுத் தரையில் கம்பளியை மடித்துப் போட்டுத்தான் கரிப்பெட்டியால் தேய்ப்பார். அதைப் பார்த்து வளர்ந்த நானே கடையில் பளபளப்பைக் கண்டு மயங்கினேன்.

தேய்ப்பது வேறு, அழுத்துவது வேறு

பலகையை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. சட்டையைத் தேய்ப்பதுபோல் நாங்கள் துண்டுகளை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தோம். நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய துணி ரப்பர்போல் நீளும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் நீளும். போர்வை வேலையில் பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுக்கவே கூடாது.

பள்ளிக் கணக்காகவே பார்ப்போம். ஒவ்வொரு கட்டமும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால், குறுக்கே எட்டுக் கட்டங்களில் ஓர் அங்குலம் கூடிவிடும். நெடுக்கே பத்தில் ஒன்றேகால் அங்குலம். ஒரு வரிசை நீண்டு அடுத்த வரிசை நீளாதிருந்தால் போர்வை நெளியாமல் என்ன செய்யும்?

தையலை முதலில் தைத்தபடியே வைத்து ஒருமுறை அழுத்துங்கள். நூல் துணியில் படிந்துவிடும். பிறகு விரித்து, கால் அங்குல மடிப்பை அடர்ந்த நிறத் துணியின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். ஒரு வரிசையின் மடிப்புகள் வலப்பக்கம் என்றால் அடுத்த வரிசையில் இடப்பக்கம். அப்போது மூலைகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். தேரில் தொங்கும் தஞ்சாவூர்த் தொம்பைகளும் இவ்வாறு துணிமேல் துணி வைத்துத் தைப்பவையே. அவ்வேலையிலும் ஓரத்தை மடித்துப் படிய வைத்தால்தான் உருவம் பிசகாது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அகலம்: நீங்கள் தைக்கும் மிகப் பெரிய கட்டத்தின் அளவில் ஒரு செய்தித்தாளை வெட்டிக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். பலகைமேல் வைத்தால் எந்த மூலையும் தொங்கக் கூடாது. வழக்கமான பலகை ஒன்றேகால் அடி அகலம்தான். போர்வைக்கு இரண்டு அடி வேண்டும்.

2. உறுதி: கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் புதைந்தால் வேண்டாம். மெத்தென்ற பஞ்சுறையில் தையல் அமிழ்ந்துவிடும், தட்டையாகாது.

3. நிலை: ஒரு குவளைத் தண்ணீரை வைத்து இடுப்பால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். சிந்தினால் அந்தப் பலகை போர்வையின் பாரத்தைத் தாங்காது.

4. உறை: சாயம் போகாத, பருத்தியாலான கேன்வாஸ் துணி நல்லது. பாலியெஸ்டர் கடுஞ்சூட்டில் உருகும்.

5. உயரம்: நின்றபடி அழுத்தும்போது முதுகு வளையக் கூடாது, முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். முதுகுவலி உள்ள நம் வயதினர் இதை அலட்சியம் செய்யலாகாது.

நாங்கள் செய்துகொண்டது

ஐந்து அடி நீளம், இரண்டு அடி அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் பழைய பருத்திப் போர்வை இரண்டு மடிப்பு. மேலே, துவைத்துக் காயவைத்த வெள்ளைக் கேன்வாஸ். சுருக்கமின்றி இழுத்து அடிப்பக்கத்தில் ஆணியடித்தோம். மண்டபத்துக் கனமான மேசைமேல் அதை அசையாமல் பொருத்தியிருக்கிறோம். செலவு முதல் பலகையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. மரத்தூள் அட்டைப் பலகையை வாங்காதீர்கள். நீராவியில் ஊறி உப்பிவிடும்.

இதிலும் ஒரு குறை உண்டு. கம்பி வலைப் பலகையில் நீராவி கீழே வெளியேறும், மரத்தில் தங்கிவிடும். எனவே நீராவியைக் குறைவாகப் பயன்படுத்தி, கட்டம் ஆறிய பிறகே கையில் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பலகையைக் காற்றாட நிறுத்தாவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பூசணம் பிடித்துவிடும். பழைய மடக்குப் பலகையையும் வீணாக்கவில்லை. சட்டைகளுக்கும் ரவிக்கைகளுக்கும் இன்றும் அதுவே உதவுகிறது. ஆனால் அகலப் பலகையை அதன்மேல் வைக்க முயலாதீர்கள், தலைப்பாரத்தால் கவிழ்ந்துவிடும்.

அந்த அம்மையாரின் போர்வையை முழுவதும் பிரித்து, புதிய பலகையில் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி, ஒரு வரிசையைக் குறைத்து மறுபடி தைத்தோம். மீந்த நல்ல துண்டுகள் போர்வையின் கரைக்குப் பயன்பட்டன. இம்முறை தரையில் விரித்தபோது நான்கு மூலைகளும் படிந்து கிடந்தன. அவர் குனிந்து, ஒரு கட்டத்தைத் தடவி, "இது அம்மா தீபாவளிக்குக் கட்டின சேலை டீச்சர்" என்றார்.

அன்பர்களே, பொருள் வாங்கும்முன் விலையையும் பளபளப்பையும் பார்க்கிறோம். அது யாருடைய எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். நான் மறந்தேன். இனி உங்கள் ஒவ்வொரு வெள்ளியையும் செலவிடுமுன் அந்தக் கேள்வியைக் கேட்பேன் என்று உறுதி கூறி அமைகிறேன்.