வீட்டுவசதிச் சங்கத்தில் பிணக்கு: குடிமையியலுக்கு ஒரு பாடவேளை

கூட்டுறவு என்றதும் நம் பிள்ளைகள் பால் சங்கத்தையும் ரேஷன் கடையையும் சொல்வார்கள். உறுப்பினர்களுக்குள் பிணக்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். 9, 10ஆம் வகுப்புகளில் ஒரு பாடவேளையை அந்தக் கேள்விக்கே ஒதுக்கலாம்.

திண்டிவனத்தில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ்நாடு கூட்டுறவு வீட்டுவசதி இணையத்திடம் கடன் பெற்று, உறுப்பினர்களின் பத்திரத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு அவர்களுக்குக் கடன் தருகிறது. ஓர் அம்மா கடைசித் தவணைவரை கட்டி முடித்துவிட்டார். மகளின் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்க அவருக்குப் பத்திரம் வேண்டும். "மற்றவர்கள் பாக்கி வைத்திருக்கிறார்கள், இணையத்துக்குச் சங்கம் இன்னும் கட்டவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் செயலாளர். பாக்கிக்காரர் வேலை இழந்தவர். அசலைவிட அபராத வட்டி ஏறி நிற்கிறது. தலைவரோ பேரவைக் கூட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்.

நான்கு பாத்திரங்களையும் மாணவர்களிடம் கொடுத்து அரைமணி நேரம் பேசவிடுங்கள். எல்லாரும் அந்த அம்மாவின் பக்கமே சாய்வார்கள், சாயட்டும். பிறகு பாக்கிக்காரராக நடித்த மாணவரைப் பேசச் சொல்லுங்கள். "யார் நல்லவர்" என்ற பேச்சு அங்கே நின்று, "யார் முடிவுசெய்வது" என்ற கேள்வி எழும். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பங்குத்தொகை எவ்வளவாக இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்குதான். துணைவிதி எல்லாரையும், தலைவரையும்கூட, கட்டுப்படுத்தும். சங்கத்தின் நிர்வாகம், தொழில் தொடர்பான பிணக்கைத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் கொண்டுசெல்லலாம். அவரே விசாரிக்கலாம், அல்லது நடுவர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். (நம்மில் பலர் ஆசிரியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் இருக்கிறோம். அதன் துணைவிதியை எத்தனை பேர் படித்திருப்போம்?)

துணைவிதியின் வலிமைக்கு அகமதாபாத் வழக்கு ஒன்று நல்ல சான்று. அங்கே பார்சி சமூகத்தினருக்கான வீட்டுவசதிச் சங்கத்தில், வெளியாருக்கு வீட்டை விற்க முடியாது என்ற கட்டுப்பாட்டை ஓர் உறுப்பினர் எதிர்த்தார். குஜராத் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: விதியை ஏற்றுத்தான் உறுப்பினராகிறார்கள், சேர்ந்தபின் அதை மீற முடியாது என்பது அதன் சாரம். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் வீடு என்பது அரசமைப்பின் சமத்துவத்தோடு பொருந்துமா என்று மேல் வகுப்பு மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு உடனே விடை சொல்லாதீர்கள். அடுத்த வகுப்பில் இரு அணியாகப் பிரித்து வாதிடவையுங்கள். சங்கம் அமைக்கும் உரிமையும் அரசமைப்பின் 19ஆம் பிரிவில்தான் இருக்கிறது. 2011இன் 97ஆவது திருத்தம் கூட்டுறவுச் சங்கங்களை அங்கே பெயர் சொல்லியே சேர்த்தது.

வீட்டுப் பாடமாக அந்த அம்மாவின் சார்பில் பதிவாளருக்கு ஒரு பக்க மனு எழுதச் சொல்லலாம். "அநியாயம் நடக்கிறது" என்று தொடங்கும் மனுக்களே அதிகம் வரும். கடன் எண், கடைசித் தவணை கட்டிய தேதி, ரசீது நகல், பத்திரம் கேட்டு எழுதிய கடிதம், சங்கம் தந்த பதில், வேண்டும் நிவாரணம் ஆகியவற்றை எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் திருத்துங்கள். விழுப்புரத்திலிருந்து கூட்டுறவுத் துறை அலுவலர் ஒருவரை அழைக்க முடிந்தால், அந்த மனுக்களில் இரண்டை அவரிடமே படிக்கக் கொடுக்கலாம்.