ஆர்க்டிக் கடலுக்குப் போன வள்ளூர்

வள்ளூர் அனல்மின் நிலையம் ஏறத்தாழ 13.2 பாகை வடக்கு அட்சரேகையிலும் 80.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் நிற்கிறது. எண்ணூர் கழிமுகத்தையோ கொசஸ்தலை ஆற்றையோ கணினியில் வரைபடமாக்க உட்காருபவர் தட்டும் எண்கள் இவற்றை ஒட்டியவைதான். தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால் என்ற வரிசையில் எண்களை வாங்கி, இணைய வரைபடங்களின் அளவுமுறைக்கு மாற்றித் தரும் பழைய பைத்தான் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உபுண்டு லினக்ஸின் 18.04 பதிப்பில் அது வள்ளூரைத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே வைக்கும். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே நிரலை உபுண்டு 20.04-இல் ஓட்டினால், வள்ளூர் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். இப்படிப் பொய்த்துப்போகும் ஆறு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நிரல் ஒன்றுதான் என்றால் விளைவும் ஒன்றுதான்.

இல்லை. கணக்கைப் போடுவது அந்த நிரல் அல்ல; அதற்கு அடியில் இருக்கும் ஜிடால், புரோஜ் என்ற இரண்டு லைப்ரரிகள், அதாவது மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள். புவியியல் தரவுகளைப் படித்து எழுதுவது ஜிடால். புவிநிலை அளவுகளை ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே புரோஜின் வேலை. ஜிடாலின் 3.0 பதிப்பு 2019 மே மாதம் வந்தது. அதிலிருந்து புரோஜ் 6 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு கட்டாயம். கூடவே, எண்களின் வரிசையில் அதிகாரபூர்வத் தரவரையறை சொல்வதையே பின்பற்றுவது என்றும் முடிவானது. அந்த வரையறையில் அட்சரேகைதான் முதலில். அதுவரை உலகெங்கும் எழுதப்பட்டிருந்த நிரல்களோ தீர்க்கரேகையை முதலில் கொடுத்துப் பழகியவை. 18.04-இல் இருந்தது ஜிடால் 2.2, 20.04-இல் வந்தது 3.0.

ஜிடால்காரர்களைக் குறை சொல்ல முடியாது. மாற்றத்தை ஆவணத்தில் விளக்கமாக எழுதினார்கள். பழைய வரிசையே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கட்டளையும் கொடுத்தார்கள். ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பித்தவர் அந்த ஆவணத்தைத் தேடிப் போயிருக்கமாட்டார். ஜிடால் என்ற பெயரையே அவர் கேள்விப்படாமல் இருந்திருக்கலாம்.

நம்பிக்கை 2: ஏதாவது குறைந்தால் கணினியே பிழைச்செய்தி காட்டிவிடும்.

எப்போதும் காட்டாது. 2011 செப்டம்பரில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்போதே பழகிய விஷயம். அந்த இரண்டுக்கும் நடுவில் தமிழ் எழுத்து எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்பதற்கு இன்றைய உதாரணம் ஒன்று உண்டு.

பைத்தானில் படங்களைக் கையாளப் பலரும் பயன்படுத்துவது பில்லோ. ஐம்பது மாணவர்களுக்குச் சான்றிதழ் அடிக்க வேண்டும். பெயரும் ஊரும் தமிழில் வர வேண்டும் என்றால், பத்து வரி நிரல் போதும். லினக்ஸில் எழுதிப் பார்த்தால் "பொன்னேரி" அழகாக வரும். அதையே எடுத்துப் போய் விண்டோஸ் கணினியில் ஓட்டினால், முதல் எழுத்தில் 'ப'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். 'னே'யின் இரட்டைக்கொம்புக்கும் அதே கதி. "வள்ளூர்" என்று எழுதினால் 'ளூ' ஓர் எழுத்தாகச் சேராமல், ளகரம் தனியாகவும் ஊகாரக் குறி தனியாகவும் கிடக்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. ஐம்பது சான்றிதழ்களும் மளமளவென்று அச்சாகும்.

காரணம், எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுப்பது பில்லோ அல்ல. ராக்ம் என்ற லைப்ரரி. அது ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி என்ற இன்னும் இரண்டை நம்பியிருக்கிறது. 8.2 பதிப்பிலிருந்து, பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக வரும் பில்லோவுக்குள் ராக்மும் ஹார்ஃப்பஸும் சேர்ந்தே வருகின்றன. ஃப்ரிபிடி மட்டும் வருவதில்லை. ஓடும்போது அது கணினியில் இருக்கிறதா என்று தேடப்படும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வேறு மென்பொருள்களுக்காக அது பெரும்பாலும் ஏற்கெனவே வந்திருக்கும். விண்டோஸில் நாமாகக் கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் பில்லோ சத்தமில்லாமல் எளிய முறைக்கு இறங்கி, எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும்.

ஃப்ரிபிடி யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தால் சிரிப்பு வரும். அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக! தமிழுக்கு அந்த வேலையே தேவையில்லை. ஆனாலும் அது இல்லாததால் பொன்னேரி உடைகிறது. ராக்ம் இயங்குகிறதா என்று பில்லோவிடமே கேட்க ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. அதை நிரலின் தலையில் போட்டு, இல்லை என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நம்பிக்கை 3: லினக்ஸில் ஒருமுறை கம்பைல் செய்தால் எல்லா லினக்ஸிலும் ஓடும்.

உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்த புரோகிராமை 20.04-க்குக் கொண்டுபோனால், ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று கையை விரிக்கும் வாய்ப்பு அதிகம். ஜிலிப்சி என்பது பெரும்பாலான லினக்ஸ் புரோகிராம்களுக்கு அடித்தளமான சி லைப்ரரி. முன்னதில் இருப்பது 2.35, பின்னதில் 2.31. ஜிலிப்சியைப் பொறுத்தவரை, பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் பைத்தான் உலகம் வெகுகாலம் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில், ஜிலிப்சி 2.17 மீது, தன் தொகுப்புகளைக் கட்டியது. எல்லோரையும் எட்ட விரும்புபவர் பழைய தளத்தில் கட்டுவார். ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சியே கிடையாது. மசல் என்ற வேறொன்று. அங்கே இந்தக் கணக்கும் செல்லாது.

நம்பிக்கை 4: காணாமல் போன டிஎல்எல்லை இணையத்தில் தேடி எடுத்துப் போட்டால் விண்டோஸ் பிரச்சினை தீர்ந்தது.

டிஎல்எல் என்பது விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு. இணையத்தில் கிடைப்பதை யார் கட்டியது என்று தெரியாது. 32 பிட்டா 64 பிட்டா, எந்தக் கம்பைலர் என்ற கேள்விகள் வேறு. அதைச் செய்யவே கூடாது. ஜிடால் வேண்டுமென்றால் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ அல்லது கோண்டா-ஃபோர்ஜ் என்ற தொகுப்புக் களஞ்சியம் வழியாக, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கட்டப்பட்ட தொகுப்பாக வாங்கலாம். பிப் வழியில் ஜிடாலை நிறுவப் போனால், அது ஏற்கெனவே இருக்கும் ஜிடாலையும் கம்பைலரையும் தேடும். நிறுவப்போகும் ஜிடாலின் பதிப்பு எண்ணும் கணினியில் இருக்கும் ஜிடாலின் பதிப்பு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பலர் கைவிடுவது இங்கேதான்.

நம்பிக்கை 5: எல்லா லைப்ரரிகளையும் உள்ளேயே வைத்துக் கட்டிக்கொடுத்தால் தொல்லை இல்லை.

நிறுவும் தொல்லை போகும். அதன் பிறகு வேறொன்று தொடங்கும். 2023 செப்டம்பரில், வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் ஆபத்தான ஓட்டை வெளியானது. லினக்ஸில் பல செயலிகளும் பகிர்ந்துகொள்ளும் ஒரே பிரதியைப் புதுப்பிக்க ஒரு கட்டளை போதும். ஆனால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளும், எலக்ட்ரான் என்ற கட்டமைப்பைக் கொண்டு கட்டிய செயலிகளும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரதியைச் சுமந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதிய பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது. வெளியிட மறந்த சின்னச் செயலிகளில் ஓட்டை அப்படியே தங்கியது.

நம்பிக்கை 6: நாம் சேர்த்த லைப்ரரிகளை மட்டும் கவனித்தால் போதும்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் இந்த நம்பிக்கையை உடைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவியபோது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருப்பது தெரிந்தது. எஸ்எஸ்எச் வசதியைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளை எழுதியவர்கள் எக்ஸ்இசட்டைச் சேர்க்கவே இல்லை. டெபியன் போன்ற சில லினக்ஸ் வெளியீடுகள், சர்வர் தயாராகிவிட்டது என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக, அதன் லைப்ரரியான லிப்சிஸ்டம்டியை ஓபன்எஸ்எஸ்எச்சில் ஒட்டவைத்திருந்தன. அதன் முதுகில் ஏறி வந்தது எக்ஸ்இசட்டின் லைப்ரரி.

அந்த ஆண்டு ஜூலை 1 அன்று வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8, சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்லும் அந்தச் சின்ன வேலையைத் தன் சொந்த நிரலிலேயே எழுதிக்கொண்டது. லிப்சிஸ்டம்டி தேவைப்படாமல் போனது.