எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறைகள்

பெரும்போக நெல் அறுவடையான பின் வயலில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு விளையக்கூடிய எள்ளு, அடம்பன் பகுதிக் கமக்காரருக்கு ஏற்ற பயிராகும். நல்ல எள்ளின் நிறையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயாகும். அதில் எவ்வளவு கைக்கு வருகின்றது, எவ்வளவு பிண்ணாக்கில் தங்குகின்றது என்பது எண்ணெய் எடுக்கும் முறையைப் பொறுத்தது.

1. செக்கு

உரலிலிட்ட எள்ளை உலக்கை சுழன்று நசுக்கும். எண்ணெய் பிரிந்து வருவதற்காக இடையிடையே சிறிது நீர் தெளிப்பர், பனங்கட்டியும் சேர்ப்பதுண்டு. சூடு குறைவாதலால் மணம் கெடாது. ஆயினும் வேலை மெதுவாகவே நடைபெறும். பிண்ணாக்கில் நூற்றுக்கு 12 பங்கு அளவில் எண்ணெய் தங்கிவிடும்.

2. திருகு இயந்திரம் (எக்ஸ்பெல்லர்)

இரும்புக் கூட்டினுள் சுழலும் திருகு விதையை நெருக்கிப் பிழியும். வேலை விரைவில் முடியும். பிண்ணாக்கில் 7 பங்கு அளவே தங்கும். சூடு மிகுவதால் எண்ணெயின் நிறமும் மணமும் சற்று மாறும்.

3. கரைப்பான் முறை

ஹெக்சேன் என்னும் திரவத்தில் எண்ணெயைக் கரைத்து, பின் அத்திரவத்தை ஆவியாக்கிப் பிரிப்பர். எஞ்சுவது 1 பங்கு அளவே. சோயா, தவிடு போன்ற எண்ணெய் குறைந்த பொருள்களுக்கு இது பெரிதும் பயன்படும். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றுமாதலால் இது பெரிய ஆலைகளுக்கே உரியது. வீட்டில் ஒருபோதும் முயலலாகாது.

ஒரு கணக்கு

பாதி எண்ணெயுள்ள 100 கிலோ எள்ளில், சேதாரம் நீக்கிப் பார்த்தால், செக்கில் 43 கிலோவும், திருகு இயந்திரத்தில் 46 கிலோவும், கரைப்பான் முறையில் 49 கிலோவுக்குச் சற்று மேலாகவும் எண்ணெய் கிடைக்கும். செக்கில் குறையும் 3 கிலோ வீணாவதில்லை. 57 கிலோ பிண்ணாக்குடன் சேர்ந்து மாட்டுக்கு உணவாகின்றது. பிண்ணாக்கைக் கணக்கில் சேர்க்காது ஆலையில் விட்டு வருபவரே நட்டமடைகின்றார். ஆகவே, வீட்டுத் தேவைக்குச் செக்கும், பெருந்தொகையாக விற்பதற்குத் திருகு இயந்திரமும் ஏற்றவை. எதுவாயினும் எண்ணெயையும் பிண்ணாக்கையும் நிறுத்து வாங்குக.

கவனிக்க வேண்டியவை

அ. எள்ளைப் புடைத்து, மண்ணும் கல்லும் நீக்கி, நன்கு வெயிலில் உலர்த்துக. ஈர விதையில் பூஞ்சணம் பிடிக்கும். அது எண்ணெயையும் பிண்ணாக்கையும் நஞ்சாக்கக் கூடும்.

ஆ. எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, மண்டியை நீக்குக. ஈரமற்ற கலத்தில் நிரப்பி, வெளிச்சம் படாது வைக்குக. செம்புக் கலம் ஆகாது.

இ. எண்ணெய் மிகுந்த செக்குப் பிண்ணாக்கு விரைவில் சிக்கடிக்கும். உலர்த்தி வைத்து, காலந்தாழ்த்தாது பயன்படுத்துக.

ஈ. ஆமணக்குப் பிண்ணாக்கு கால்நடையின் உயிருக்கே கேடு செய்யும் நஞ்சுடையது. ஆமணக்கோ இலுப்பையோ ஆட்டிய செக்கை முற்றாகத் துப்புரவு செய்யாது எள்ளை இட விடாதீர்கள். இவற்றின் பிண்ணாக்கை மாட்டுக்கு வையாது பயிருக்கு எருவாக இடுக.

எம்முறையைக் கைக்கொண்டாலும், களத்தில் எள்ளு நன்கு உலராவிடின் நல்லெண்ணெய் கிடையாது.